ஐந்தாவது சக்கரம்

மோட்டார் வண்டிக்கு எத்தனை சக்கரம் என்று குழந்தைகளைக் கேட்டால், "நாலு" என்று சொல்லும். வண்டி வைத்திருக்கும் பெரியவர்களைக் கேட்டாலும் அநேகமாக அதே விடைதான் கிடைக்கும். ஐந்தாவது சக்கரம் ஒன்று டிக்கியின் அடித்தட்டில், பெட்டி படுக்கைகளுக்கும் ஊறுகாய் ஜாடிகளுக்கும் கீழே, வருஷக் கணக்காக அஞ்ஞாத வாசம் செய்துகொண்டிருக்கிறது என்னும் ஞாபகம் நம்மில் பலருக்கு வருவதே இல்லை. அந்த ஞாபகம் வருவதற்கென்று ஒரு சமயம் உண்டு. அது பெரும்பாலும் இருட்டு வேளையாக இருக்கும். பக்கத்தில் ஊர் இராது. வண்டியிலே குழந்தைகள் தூங்கிக் கொண்டிருக்கும்.

எனக்கு அந்த ஞாபகம் வந்த இடம், மதுராந்தகம் ஏரியைத் தாண்டித் தெற்கே போகும் பெரிய ரஸ்தா. நேரம் இரவு பதினொன்றரை மணி. மறுநாள் காலை கும்பகோணத்தில் என் தங்கை மகளுக்கு வளைகாப்பு. காரியாலயத்திலிருந்து நான் வீடு திரும்பத் தாமதமாகிவிட்டபடியால், பகலில் செய்திருக்க வேண்டிய பிரயாணத்தை இரவில் ஆரம்பித்தோம். வண்டியில் என் தாயார், என் மனைவி, குழந்தைகள் இருவர். அவர்களுடன் கண்ணாடி வளையல் பெட்டிகள் நாலு, முறுக்குச் சம்புடங்கள் இரண்டு, இன்னும் என்னென்னவோ மூட்டைகள். மோட்டார் வண்டி என்பது இந்த மாதிரிச் சமயங்களில் பழைய கூண்டு வண்டியின் மறு அவதாரமாகி விடுகிறதல்லவா?

திடீரென்று பின்பக்கத்தில் "பட பட பட" என்று ஒரு சப்தம் கேட்டது. ஈரத் துணியைக் கல்லில் அடித்துத் துவைப்பது போன்ற சப்தம். வண்டியின் பின்பாகம் இப்படியும் அப்படியும் அசைந்தாடத் தொடங்கிற்று. நான் உடனே என்ன செய்தேன் தெரியுமா? நூற்றுக்குத் தொண்ணூறு பேர் செய்யக்கூடியதைத்தான் செய்தேன். பிரேக்கின் மேல் காலை வைத்து ஓங்கி அழுத்தினேன்.

அவ்விதம் செய்திருக்கக் கூடாது. காற்றுப் போன சக்கரம் மற்ற மூன்றையும் போலத் தரையைப் பற்றுவதில்லை. அந்த நிலையில் பிரேக்கை வேகமாக அழுத்தினால், பிடியுள்ள சக்கரங்கள் ஒரு பக்கமும் பிடியற்ற சக்கரம் மற்றொரு பக்கமுமாக வண்டியை இழுத்துச் சுழற்றிவிடும். முன் சக்கரத்தில் காற்றுப் போனால் வண்டி அந்தப் பக்கமாக இழுக்கும். பின் சக்கரமானால் வால் ஆடும். எதுவானாலும் வைத்தியம் ஒன்றே. இரண்டு கைகளாலும் ஸ்டீயரிங்கை உறுதியாகப் பிடித்து, வண்டியை நேராகவே ஓடவிட வேண்டும். வேகம் கொடுக்கும் காலை மெள்ள மெள்ள எடுக்க வேண்டும். வண்டி தானாகவே வேகம் குறைந்து வந்த பிறகு, பின்னால் வருகிறவர்களுக்குச் சைகை விளக்கைக் காட்டி, இடது பக்கம் ஒதுங்க வேண்டும். கடைசியில்தான் பிரேக், அதுவும் பூவைத் தொடுவதுபோல. அன்றிரவு எனக்குப் பின்னால் நெருங்கி எந்த வண்டியும் வரவில்லை என்பது என்னுடைய சாமர்த்தியம் அல்ல. என் தாயார் புறப்படும்போது பிள்ளையாருக்கு உடைத்த தேங்காயின் பலனாக இருக்கலாம்.

வண்டி நின்றது. எங்கே நின்றது என்பதை நான் கவனிக்கவில்லை. ரஸ்தாவின் ஓரத்தில் போட்டிருக்கும் வெள்ளைக் கோட்டின் மேலேயே, பாதி உள்ளும் பாதி வெளியுமாக நின்றிருந்தது. காற்றுப் போனதோ வலது பக்கத்துப் பின் சக்கரம். அதாவது லாரிகளும் பஸ்களும் பறந்து கொண்டிருக்கும் பக்கம்! நான் அங்கே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, போக்குவரத்துக்கு முதுகைக் காட்டியபடி ஜாக்கியை வைத்துத் திருகலானேன். என் மனைவி வண்டிக்குப் பின்னால் நின்று கைபேசியின் விளக்கைப் பிடித்துக் கொண்டிருந்தாள். குழந்தைகள் உள்ளே தூங்கினார்கள். தாயார், "நான் எங்கேடா இந்த இருட்டிலே இறங்குகிறது? இப்படியே உட்கார்ந்திருக்கிறேன்" என்று முன் ஆசனத்தில் இருந்துவிட்டாள். ஒவ்வொரு லாரி போகும்போதும் அடித்த காற்றில் என் சட்டை படபடத்தது. ஜாக்கியின் மேல் வண்டியும் அசைந்தது. அப்பொழுதும் எனக்குப் புத்தி வரவில்லை.

நாங்கள் எவ்வளவு பெரிய ஆபத்தின் வாயில் உட்கார்ந்திருந்தோம் என்பதைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி ஒரு விநாடிக்குச் சுமார் 28 மீட்டர் கடக்கிறது. ஓட்டுகிறவர் இரண்டே இரண்டு விநாடி கண்ணயர்ந்தால், அல்லது கைபேசியைக் குனிந்து பார்த்தால், 56 மீட்டர் தூரத்துக்கு அந்த வண்டியை ஓட்டுகிறவர் யாருமே இல்லை. நெடுஞ்சாலை ஓரத்தில் நின்ற வண்டியின் மேல் பின்னால் வந்த வாகனம் மோதியது என்ற செய்தியை நாம் பத்திரிகைகளில் அடிக்கடி படிக்கிறோம். படித்துவிட்டு, "ஐயோ பாவம்" என்று சொல்லிப் பக்கத்தைத் திருப்புகிறோம். டயர் வெடித்ததால் சாகிறவர்களைப் பற்றி நாம் பயப்படுகிறோமே யொழிய, அதை மாற்ற உட்கார்ந்த இடத்தில் சாகிறவர்களைப் பற்றி நினைப்பதில்லை.

இந்தச் சமயத்தில் சற்று முன்னால் ஒரு லாரி ஓரமாக ஒதுங்கி நின்றது. அதிலிருந்து அறுபது வயது மதிக்கத்தக்க ஒருவர் இறங்கி வந்தார். தோளில் துண்டு, நரைத்த மீசை. அவருக்குப் பின்னால் ஒரு கிளீனர் பையன். வந்தவர் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. நேரே முன்பக்கக் கதவண்டை சென்று, "அம்மா, தயவு செஞ்சு கீழே இறங்குங்க. இந்தப் பக்கமா இறங்குங்க" என்று இடது பக்கக் கதவைத் திறந்தார். பிறகு என் மனைவியைப் பார்த்து, "பிள்ளைங்களைத் தூக்கிக்கிட்டு அந்த வேலிக்கு அந்தாண்டை போயிடுங்கம்மா. வண்டிக்குப் பின்னாலே நிக்காதீங்க, முன்னாலேயும் நிக்காதீங்க" என்றார். அவர் குரலில் இருந்த அதிகாரத்தைக் கண்டு என் தாயார் மறு பேச்சுப் பேசாமல் இறங்கினாள். என் அநுபவத்தில் இது ஓர் அபூர்வ சம்பவம்.

அதற்குப் பிறகுதான் என் பக்கம் திரும்பினார்.

"சார், இந்த ரோட்டிலே வர்றவன் எல்லாம் முழிச்சுக்கிட்டு வர்றான்னு நினைச்சுக்கிட்டீங்களா?" என்று கேட்டார்.

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

"முப்பத்தஞ்சு வருஷமா ஓட்டறேன். நானே எல்லா நாளும் முழிச்சுக்கிட்டு ஓட்டினேன்னு சத்தியம் பண்ண மாட்டேன்" என்றார்.

நேயர்களே, வீதிப் பாதுகாப்பைப் பற்றி நான் எத்தனையோ உபந்நியாசங்கள் கேட்டிருக்கிறேன்; போலீஸ் இலாகாவார் ஒட்டிய விளம்பரங்களைப் பார்த்திருக்கிறேன். அவையெல்லாம் சேர்ந்து செய்யாத காரியத்தை அந்த ஒரு வாக்கியம் செய்தது. நான் எழுந்து நின்றேன். என் கால்கள் நடுங்கின.

"எச்சரிக்கைப் பலகை இருக்கா?" என்று கேட்டார். சிவப்பாகப் பளபளக்கும் முக்கோணப் பலகையைத்தான் சொன்னார். நாலு சக்கர மோட்டார் வண்டி ஒவ்வொன்றுடனும் அது கொடுக்கப்படுகிறது. எனக்கும் கொடுத்திருந்தார்கள். வண்டி வாங்கிய நாளில் சுற்றியிருந்த உறையோடு, வளையல் பெட்டிகளுக்கெல்லாம் அடியில், பத்திரமாக இருந்தது! இதற்குள் அந்தக் கிளீனர் பையன் வேலியோரத்தில் ஒரு தழைக் கொம்பை ஒடித்து, ரஸ்தாவின் ஓரமாகவே பின்னோக்கி ஓடி, எங்கேயோ கிடந்த கருங்கற்களைக் கொண்டு முட்டுக் கொடுத்து நிறுத்திவிட்டு வந்தான். முக்கோணம் இல்லாதவர்களின் முக்கோணம் அது. நம் நாட்டு லாரிக்காரர்கள் தலைமுறை தலைமுறையாகக் கையாண்டு வரும் அபாய அறிவிப்பு.

முக்கோணப் பலகை உள்ளவர்கள் அதை வண்டிக்குப் பத்தடி பின்னால் வைத்துவிட்டுத் திருப்தி அடைகிறார்கள். அதனால் யாதொரு பிரயோஜனமும் இல்லை. மேலே சொன்ன கணக்கின்படி 50 மீட்டர் தூரம் என்பது வேகமாக வரும் வண்டிக்கு இரண்டு விநாடிகூட அல்ல. ஆகவே பெரிய ரஸ்தாக்களில் 50 மீட்டருக்குக் குறையாமல், கூடுமானால் அதற்கும் அதிகமான தூரத்தில் வைக்க வேண்டும். வளைவோ மேடோ இருந்தால், அதற்கு அப்பாலிருந்து வருகிறவர் கண்ணில் படும்படி வைக்க வேண்டும். வைக்கப் போகும்போது ரஸ்தாவில் நடக்காமல் ஓரமாக, எதிரே வரும் வண்டிகளைப் பார்த்தபடி, பலகையை முன்னால் பிடித்துக்கொண்டு போக வேண்டும். வேடிக்கை என்னவென்றால், பிரிட்டனில் மற்ற ரஸ்தாக்களில் 45 மீட்டர் பின்னால் பலகை வைக்கச் சொல்லும் அதே விதிப் புத்தகம், 'மோட்டார்வே' என்னும் அதிவேகச் சாலைகளில் மட்டும் அதை வைக்கவே கூடாது என்று தடுக்கிறது. வைக்கப் போகிற ஆசாமியே அடிபட்டு விடுவார் என்பதுதான் காரணம். நமது புதிய அகன்ற சாலைகளிலும் இருட்டு நேரத்தில் இதை யோசித்துச் செய்வது நல்லது. நாலு மூலையிலும் மினுக்கும் அபாய விளக்கை எரியவிட்டு, எல்லோரும் வேலிக்கு அப்பால் போய் நின்று உதவிக்குச் சொல்லி அனுப்புவது சில இடங்களில் எல்லாவற்றிலும் மேலான வழி. தேசிய நெடுஞ்சாலைகளில் 1033 என்ற எண்ணுக்கு இரவு பகல் எந்நேரமும் பேசலாம். அடிபட்டவர் யாராவது இருந்தால் 112 அல்லது 108.

"இங்கே மாத்த வேண்டாம் சார். இறக்குங்க ஜாக்கியை" என்றார் லாரிக்காரர். "அதோ வெளிச்சம் தெரியுதே, டீக்கடை. அதுவரைக்கும் உருட்டிக்கிட்டு வாங்க."

"காற்றே இல்லையே! டயர் பாழாகி விடாதா? ரிம் நசுங்கிப் போகுமே?" என்றேன்.

"போகட்டும்" என்றார்.

டயர் என்ன விலை, ரிம் என்ன விலை என்று நான் மனத்துக்குள் கூட்டிக் கொண்டிருந்தேன் என்பதை வெட்கத்துடன் ஒப்புக் கொள்கிறேன். நடுத்தரக் குடும்பஸ்தன் புத்தி அப்படித்தான் வேலை செய்யும். வேலிக்கு அந்தப்புறம் தூக்கக் கலக்கத்தில் அழுது கொண்டிருந்த சின்னக் குழந்தையின் குரல் காதில் விழுந்த பிறகுதான் கணக்கு முடிந்தது. மனிதர்கள் வேலியோரமாக நடந்து வந்தார்கள். நான் மட்டும் வண்டியில் ஏறி, மனிதன் நடக்கிற வேகத்தில், அபாய விளக்கு மினுக்க மினுக்க, ஓரத்தோடு உருட்டிக் கொண்டு போனேன். முந்நூறு மீட்டர் தூரம் இருக்கலாம். அந்தச் சப்தத்தை இப்பொழுது நினைத்தாலும் பல் கூசுகிறது.

தனியாக ஓட்டிச் செல்லும் ஸ்திரீகளுக்கும் இந்த உபாயத்தையே சொல்வேன். இருட்டிலே நின்று யார் வருகிறார்களோ என்று பயந்து கொண்டிருப்பதைவிட, மெதுவாக உருட்டிக் கொண்டு வெளிச்சமும் ஜனங்களும் உள்ள பெட்ரோல் பங்குக்குப் போய்விடலாம். சில சமயம் பைக்கில் வருகிற யாராவது, "டயர் பங்க்சர், டயர் பங்க்சர்" என்று கையைக் காட்டி நிறுத்தச் சொல்வதுண்டு. உண்மையிலேயே உபகாரம் செய்கிறவராக இருக்கலாம். கைப்பெட்டியைக் குறி வைத்தவராகவும் இருக்கலாம். இரண்டுக்கும் மருந்து அந்த வெளிச்சமுள்ள இடமே.

டீக்கடையின் முன்னால் சிமெண்டுத் தளம் போட்டிருந்தது. கடைக்காரர் பால் காய்ச்சுவதற்குள் ஐந்தாவது சக்கரத்தின் பூர்வோத்தரத்தைச் சற்றுப் பார்த்து விடலாம்.

காற்றடைத்த டயருக்கு முதன் முதல் பேடண்டு வாங்கியவர் ராபர்ட் வில்லியம் தாம்ஸன் என்னும் ஸ்காட்லாந்துக்காரர், வருஷம் 1845. அப்போது மோட்டார் வண்டியும் கிடையாது, இப்போதுள்ள மாதிரி சைக்கிளும் கிடையாது. ஆகவே உலகம் அதை மறந்தே போயிற்று. பிறகு 1888-ம் வருஷத்தில் பெல்பாஸ்ட் நகரத்தில் மாட்டு வைத்தியராயிருந்த ஜான் பாய்ட் டன்லப் என்பவர், தம் சிறு பையனுடைய மூன்று சக்கர சைக்கிள் கடகடவென்று குலுங்குவதைக் காணப் பொறாமல், ரப்பர்க் குழாயில் காற்றடைத்துச் சக்கரத்தில் சுற்றிக் கொடுத்தார். டன்லப் பெயர் உலகமெங்கும் பரவிய பிறகுதான், தாம்ஸன் முந்திக் கொண்டுவிட்ட விஷயம் வெளிப்பட்டு டன்லப்பின் பேடண்டு செல்லாது என்று ஆயிற்று. காற்றடைத்த டயரை மோட்டார் வண்டிக்குப் போட்டுக் காட்டியவர்கள் பிரான்ஸ் தேசத்து மிஷெலின் சகோதரர்கள். 1895-ல் பாரிஸ் நகரத்திலிருந்து போர்டோவுக்குப் போய்த் திரும்பும் சுமார் 1200 கிலோமீட்டர்ப் பந்தயத்தில் ஓட்டினார்கள். வழி நெடுகப் பங்க்சர்; அவர்கள் ஜயிக்கவில்லை. ஆனாலும் கட்டை ரப்பருக்கு அன்றைக்கே கேடு காலம் பிறந்துவிட்டது.

அந்த நாளில் ஐந்தாவது சக்கரம் கிடையாது. சக்கரத்தை வண்டியிலிருந்து எளிதில் கழற்றவும் முடியாது. ரஸ்தா ஓரத்தில் உட்கார்ந்து, டயரை நெம்பி, டியூபை உருவி, ஒட்டுப் போட்டு, மறுபடி கைப் பம்பினால் காற்றடித்துக் கொண்டு போக வேண்டியதுதான். வேல்ஸ் தேசத்தில் லனெல்லி என்ற ஊரில், ஸ்டெப்னி வீதியில், டேவிஸ் சகோதரர்கள் இருந்தார்கள். 1904-ம் வருஷத்தில் அவர்கள் ஒரு புதுமை செய்தார்கள். ஆரக்கால் இல்லாத வெறும் வளையம். அதன் மேல் காற்றடைத்த டயர். காற்றுப் போன சக்கரத்தின் பக்கத்தில் இதை வைத்துக் கொக்கிகளால் இறுக்கிக் கொண்டு வண்டியை ஓட்டிப் போய்விடலாம். வீதியின் பெயரே சக்கரத்துக்கும் ஆயிற்று. பிற்காலத்தில் முழுச் சக்கரத்தையே மாற்றும் வழக்கம் வந்து, அந்த வளையம் மறைந்து போயிற்று. அது பிறந்த தேசத்தில் ஸ்டெப்னி என்றால் இன்று பலருக்கு விளங்காது. நம்முடைய பங்க்சர் கடைப் பையனுக்கோ வேறு சொல்லே தெரியாது! மால்டா தீவிலும் ஸ்டெப்னிதான். பிரேஸில் தேசத்தில் 'எஸ்தெப்பி' என்கிறார்களாம்.

டீ வந்துவிட்டது. லாரிக்காரர் ஒரு கையில் கிளாஸை வைத்துக்கொண்டே என்னை வேலை வாங்கலானார். அவர் ஸ்பானரைத் தொடவே இல்லை. "நீங்களே பண்ணுங்க சார். அடுத்த தடவை நான் வர மாட்டேன்" என்றார்.

முதலில் ஹாண்ட் பிரேக்கை இழுக்கச் சொன்னார். முதல் கியரில் போடச் சொன்னார். (கியர் போடத் தேவையில்லாத புது மாதிரி வண்டிகளில் 'பி' என்ற இடத்தில் நிறுத்த வேண்டும்.) அதோடு நிற்காமல், இடது பக்கத்து முன் சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் கல் வைக்கச் சொன்னார். "ஹாண்ட் பிரேக்தான் இழுத்தாயிற்றே?" என்று கேட்டேன். அந்தப் பிரேக் பெரும்பாலான வண்டிகளில் பின் சக்கரங்களை மட்டும் பிடிப்பது. அவற்றில் ஒன்றை அந்தரத்தில் தூக்கப் போகிறோம். மிச்சம் இருப்பது ஒரே ஒரு சக்கரத்தின் பிடி. தூக்குகிற மூலைக்குக் குறுக்கே எதிர் மூலையில் உள்ள சக்கரத்துக்குக் கல் வைப்பதன் காரணம் அதுதான்.

இரண்டாவது, நான் முன்பு செய்த தப்பு. வண்டியைத் தூக்கிய பிறகு நட்டுகளைக் கழற்ற முயன்றேன் அல்லவா? சக்கரம் தரையில் ஊன்றியிருக்கும்போதே ஒவ்வொரு நட்டையும் அரைச் சுற்று இடஞ்சுழியாகத் தளர்த்திவிட வேண்டும். தூக்கின பிறகு ஸ்பானரை மிதித்து நெம்பினால் சக்கரம் சுற்றும். அதைவிட மோசம், வண்டியே ஜாக்கியிலிருந்து நழுவும். மதுராந்தகத்து இருட்டில் நான் அதைத்தான் செய்து கொண்டிருந்தேன். அதுவும் மண் தரையில்! ஜாக்கியின் அடித்தட்டு மண்ணுக்குள் ஒரு விரற்கடை அமிழ்ந்துதான் இருந்தது. மண் தரை தவிர வேறு வழியில்லை என்றால், ஜாக்கிக்கு அடியில் கனமான பலகைத் துண்டு ஒன்று வைக்க வேண்டும். அன்று முதல் எங்கள் டிக்கியில் ஒரு பழைய மணைப் பலகை பிரயாணம் செய்கிறது.

ஜாக்கியை எங்கே வைப்பது என்பது அடுத்த விஷயம். வண்டியின் பக்கவாட்டு அடி விளிம்பில், முன் சக்கரத்துக்குச் சற்றுப் பின்னாலும் பின் சக்கரத்துக்குச் சற்று முன்னாலும், இதற்கென்றே பலமாகச் செய்த இடங்கள் உண்டு. கையால் தடவிப் பார்த்தால் வெட்டுக் குறி தெரியும். வண்டியுடன் வந்த புத்தகத்திலும் படம் போட்டிருக்கும். வேறு இடத்தில் வைத்தால் தகடு நசுங்கும், அல்லது வழுக்கும். தூக்கும்போது வண்டியில் ஒருவரும் இருக்கலாகாது. தூக்கின வண்டிக்கு அடியில் கை, கால், தலை எதையும் நீட்டக் கூடாது. ஜாக்கி என்பது தூக்குவதற்கு ஏற்பட்ட கருவி. தாங்கிக் கொண்டிருப்பதற்கு அல்ல. டிக்கியிலிருந்து எடுத்த ஸ்டெப்னியை முதலிலேயே வண்டியின் விளிம்புக்கு அடியில் படுக்கப் போட வேண்டும். கழற்றிய சக்கரத்தை அதன் இடத்தில் தள்ளிவிட்டு ஸ்டெப்னியை எடுத்துக்கொள்ள வேண்டும். தப்பித் தவறி ஜாக்கி நழுவினாலும் வண்டி சக்கரத்தின் மேல் உட்காருமே தவிர, நம் முழங்கால் மேல் உட்காராது.

இவ்வளவும் ஒழுங்காக நடந்தது. டிக்கியிலிருந்து வளையல் பெட்டிகளும் சம்புடங்களும் டீக்கடைப் பெஞ்சிக்கு இடம் பெயர்ந்தன. அஞ்ஞாத வாசத்திலிருந்து ஐந்தாவது சக்கரம் வெளிப்பட்டது. லாரிக்காரர் அதைக் கையால் ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். பிறகு கிளீனர் பையனைப் பார்த்துச் சிரித்தார்.

வண்டி வாங்கி மூன்று வருஷங்களில் நான் அதற்கு ஒரு தடவைகூடக் காற்றடிக்கவில்லை! இருக்க வேண்டியது 32 பவுண்டு. அதில் பாதிகூட இல்லை. நல்ல வேளையாக, லாரியின் பிரேக்குக்காகக் காற்றைச் சேர்த்து வைத்திருக்கும் தொட்டியிலிருந்து ஒரு ரப்பர்க் குழாயை இழுத்துப் பையன் அதை நிரப்பிக் கொடுத்தான். அந்த லாரி மட்டும் வந்திராவிட்டால், செத்த டயரைக் கழற்றிக் குற்றுயிரான டயரை மாட்டிக் கொண்டு நாங்கள் கிளம்பியிருப்போம்.

நட்டுகளின் சரிந்த முகம் உட்புறம் இருக்கும்படி கையாலேயே திருகி, வண்டியை இறக்கிச் சக்கரம் தரையைத் தொட்ட பிறகு வலஞ்சுழியாக இறுக்கினேன். அடுத்தடுத்து இறுக்காமல் எதிரெதிராக, நட்சத்திரக் கோலம் போடுவது மாதிரி இறுக்கச் சொன்னார். "விக்கிரவாண்டி தாண்டி ஒரு தடவை நிறுத்தி மறுபடி இறுக்கிப் பாருங்க" என்றும் சொன்னார். புதிதாக மாட்டிய சக்கரம் 50, 100 கிலோமீட்டர் ஓடியதும் நட்டுகள் சற்றுத் தளர்வது உண்டு. சில வண்டிகளில் ஸ்டெப்னி மற்ற சக்கரங்களைவிடச் சிறிதாக, ஒல்லியாக இருக்கும். அது பங்க்சர் கடை வரையில் போவதற்கு மட்டும். அதன் மேலேயே வேக வரம்பு அச்சிட்டிருக்கும். பெரும்பாலும் 80 கிலோமீட்டர்.

வளைகாப்பு முடிந்த மறுநாள், கும்பகோணத்தில் ஒரு பங்க்சர் கடையில் பழைய டயரைக் கொண்டுபோய்ப் போட்டேன். கடைக்காரர் அதைப் பிரித்துக் கவிழ்த்தார். உள்ளேயிருந்து கறுப்பு மாவு கொட்டிற்று. பக்கச் சுவர் நசுங்கி நசுங்கி ரப்பரே பொடியாகி விட்டதாம். துருப்பிடித்த ஆணி ஒன்றைப் பிடுங்கிக் காட்டி, "இது அன்னிக்கு ஏறினது இல்லை சார், ஒரு வாரமாவது இருக்கும்" என்றார். டியூப் இல்லாத டயரில் ஆணி ஏறினால் காற்று உடனே போய்விடாது. கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும். (வழியில் ஆணியைக் கண்டால் பிடுங்கி விடாதீர்கள், ஓட்டையை அடைத்துக் கொண்டிருப்பது அதுவே.) குறைந்த காற்றுடன், ஐந்து பேர் பாரத்துடன், வேகமாக ஓடும்போது பக்கச் சுவர் ஓயாமல் மடிந்து மடிந்து சூடேறுகிறது. டயர் வெடிப்பதற்கு முக்கியமான காரணம் இந்தச் சூடு. கோடை காலத்தில் காற்றைக் குறைத்து வைக்க வேண்டும் என்று சில பெரியவர்கள் உபதேசம் செய்கிறார்களே, அது நேர் தலைகீழான யோசனை. ஓட்டுகிறவர் பக்கத்துக் கதவின் நிலையில் ஒட்டியிருக்கும் சீட்டில், எவ்வளவு பவுண்டு வேண்டும், பாரம் அதிகமானால் எவ்வளவு என்று போட்டிருக்கிறது. சக்கரம் குளிர்ந்திருக்கும் காலை வேளையில் மாதம் ஒரு முறை பார்த்தால் போதும். நெடும் பிரயாணத்துக்கு முதல் நாளும் பார்க்க வேண்டும். நான் பார்த்திருந்தால் அந்த ஆணி சென்னையிலேயே அகப்பட்டிருக்கும்.

டயருக்கு வயசும் உண்டு. பக்கச் சுவரில் நாலு இலக்கம் பொறித்திருக்கும். 2319 என்றிருந்தால் 2019-ம் வருஷம் 23-வது வாரத்தில் செய்தது என்று அர்த்தம். ஓடாமல் கிடந்தாலும் ரப்பர் கிழமாகிறது. ஆகையால் ஸ்டெப்னியின் ஜாதகத்தையும் பார்த்து வையுங்கள்.

இன்னொரு சமாசாரம். 2020-ம் வருஷத்தில் இந்திய சர்க்கார் விதியை மாற்றினார்கள். டியூப் இல்லாத டயரும், காற்றழுத்தம் குறைந்தால் எச்சரிக்கும் கருவியும், ஓட்டை அடைக்கும் மருந்துப் பெட்டியும் உள்ள சிறு கார்களுக்கு ஐந்தாவது சக்கரம் கட்டாயமில்லை. மருந்துப் பெட்டி நல்லதுதான். ஆணி ஓட்டைக்கு அது போதும். ஆனால் பக்கச் சுவர் கிழிந்தால் அந்த மருந்து பலிக்காது. புது வண்டி வாங்கியிருப்பவர்கள் டிக்கியின் அடித்தட்டைத் தூக்கி, உள்ளே இருப்பது சக்கரமா மருந்துப் புட்டியா என்று இன்றைக்கே ஒரு தடவை பார்த்து விடுவது நலம். மதுராந்தகத்துக்கு அப்பால் பார்த்தால் வருத்தமாயிருக்கும்.

ஒரு விஷயம் சொல்ல விட்டுப் போயிற்று. வேலை முடிந்ததும் நான் லாரிக்காரரிடம் பணம் நீட்டினேன். அவர் வாங்கிக் கொள்ளவில்லை. என் தாயார், "இதையாவது எடுத்துக்கொள் அப்பா" என்று முறுக்குச் சம்புடம் ஒன்றை நீட்டினாள். அதை மட்டும் கிளீனர் பையன் சந்தோஷத்துடன் வாங்கிக் கொண்டான். நாங்கள் எல்லோரும் ஏறிக் கதவைச் சாத்தினோம். அவரும் லாரியில் ஏறக் காலை வைத்தவர், திடீரென்று இறங்கிப் பையனைக் கேட்டார்:

"எத்தனை கல்லுடா வெச்சே?"

"நாலு."

"எத்தனை எடுத்தே?"

பையன் தலையைச் சொறிந்தான். "தழையை எடுத்தேன்... மூணு கல்லு..."

அவர் அவனை ஒன்றும் சொல்லவில்லை. டார்ச் விளக்கை எடுத்துக்கொண்டு, வேலியோரமாக, வந்த வழியே இருட்டில் நடக்க ஆரம்பித்தார். சைக்கிளிலோ மோட்டார் சைக்கிளிலோ வருகிற யாராவது ஒருவன் அந்தக் கல்லில் ஏறி விழுவானே என்று பின்னால் திரும்பி எங்களிடம் சொன்னார். நான் வண்டியைக் கிளப்பாமல் காத்திருந்தேன். முந்நூறு மீட்டருக்கு அப்பால் அந்தச் சிறு வெளிச்சம் குனிந்தது; நிமிர்ந்தது; வேலிக்கு அந்தப்புறம் கல் விழுந்த ஓசை கேட்டது.